ஒரு மணி நேரமும் மூன்று மாதமும்

சீலியாக் நோய் உள்ள ஒருவர் தெரியாமல் கோதுமை கலந்த உணவைச் சாப்பிட்டுவிட்டால், அது எவ்வளவு நேரத்தில் தெரியவரும்? இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டவையாகத் தோன்றும். ஒரு மணி நேரத்தில் குமட்டல் தொடங்கிவிடும் என்பார் ஒருவர். மறுநாள்தான் வயிற்றுப்போக்கு வரும் என்பார் இன்னொருவர். இரண்டு வாரம் ஆகும் என்று ஆய்வுக் கட்டுரை சொல்லும். தனக்கு எதுவுமே தெரிவதில்லை என்று சொல்பவர்களும் உண்டு. இவற்றில் எதையும் பொய்யென்று தள்ள முடியாது, ஏனென்றால் ஒவ்வொருவரும் உடலில் நடக்கும் வெவ்வேறு நிகழ்வைப் பற்றிப் பேசுகிறார்கள். உடல் உணரும் தொந்தரவுக்கு ஒரு கால அளவு இருக்கிறது, குடலின் உட்சுவர் சிதைவதற்கு இன்னொன்று, இரத்தப் பரிசோதனையில் நோய் பிடிபடுவதற்கு மற்றொன்று. முதல் கால அளவை வைத்து மற்ற இரண்டையும் கணிக்க முடியாது என்பதற்கு இன்று வலுவான ஆதாரங்கள் இருக்கின்றன. கணிக்க முடியும் என்ற நம்பிக்கையில் உணவைத் தீர்மானிப்பவர்கள் தங்களுக்கே தெரியாமல் தீங்கு தேடிக்கொள்கிறார்கள்.

முதலில் உடலுக்குள் நடப்பதைப் பார்த்துவிடலாம். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதத் தொகுதியைக் குளூட்டன் என்கிறோம். கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் கழுவக் கழுவ, மாவுச்சத்து கரைந்துபோய் ரப்பர்போல இழுபடும் ஒரு பசை கையில் மிஞ்சும். அதுதான் குளூட்டன். பரோட்டா மாவை வீசி விரிக்கும்போது கிழியாமல் தாங்குவது அதுவே. இந்தப் புரதத்தில் ப்ரோலின், குளூட்டமின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் மிகுதி. ப்ரோலின் நெருக்கமாக வரும் இடங்களை நம் செரிமான நொதிகளால் வெட்ட முடிவதில்லை. 2002-ல் ஸ்டான்ஃபோர்டில் சேதன் கோஸ்லாவின் குழு, 33 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு குளூட்டன் துண்டு, இரைப்பை நொதிக்கும் கணைய நொதிக்கும் குடற்சுவர் நொதிக்கும் தப்பி முழுதாக நிற்பதைக் காட்டியது. எல்லோருடைய குடலிலும் இப்படித்தான் நடக்கிறது, பெரும்பாலோருக்கு அதனால் எந்தக் கெடுதலும் இல்லை. சீலியாக் நோயாளியின் குடற்சுவரில் மட்டும் கதை மாறுகிறது. டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி அந்தத் துண்டில் சிறு மாற்றம் செய்கிறது. டிகியூ2, டிகியூ8 என்ற மரபணு வகைகள் உருவாக்கும் மூலக்கூறுகள் மாறிய துண்டை இறுகப் பற்றிக்கொண்டு, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்களிடம் நீட்டுகின்றன. டி செல்கள் அதைப் பகையாகப் பார்த்துத் தாக்குதலைத் தொடங்குகின்றன. 1997-ல் ஜெர்மனியில் டெட்லெஃப் ஷுப்பானின் குழு கண்டுபிடித்ததுபோல, நோயாளியின் உடல் அந்த நொதிக்கு எதிராகவே ஆன்டிபாடிகளைத் தயாரிக்கிறது. இன்று செய்யப்படும் முதல்கட்ட இரத்தப் பரிசோதனை தேடுவது இந்த ஆன்டிபாடிகளைத்தான்.

கோதுமைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45-ல், அந்த நாட்டில் ரொட்டி கிடைக்காமல் பஞ்சம் வந்தது. ஆனால் கோதுமை மீதான டிக்கேயின் சந்தேகம் அந்தப் பஞ்சத்தில் பிறந்ததல்ல, போருக்கு முன்பே தொடங்கிவிட்டது. போருக்குப் பிறகு அவரும் சக ஆய்வாளர்களும் நோயுற்ற குழந்தைகளுக்குக் கோதுமையைக் கொடுத்தும் நிறுத்தியும், மலத்தில் வெளியேறும் கொழுப்பை அளந்தார்கள். 1950-ல் வெளிவந்த அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு இந்த அளவீடுகளின் மீது நிற்கிறது. இங்கே நமக்கு வேண்டியது அவருடைய அளவுகோல். கொழுப்பு செரிக்காமல் வெளியேற வேண்டுமானால் குடலின் உறிஞ்சும் திறனே குறைந்திருக்க வேண்டும். அது நாள்கணக்கில், வாரக்கணக்கில் நகரும் விஷயம். 1950-களின் பிற்பகுதியில் லண்டனில் மார்கோ ஷைனர் போன்றோர் வாய்வழியாகக் குழாய் செலுத்திச் சிறுகுடலிலிருந்து திசுவை எடுக்கும் முறையை உருவாக்கியபோது, உட்சுவர் தட்டையாகிக் கிடப்பது கண்ணுக்குத் தெரிந்தது. அதுவும் மெதுவாக நேரும் மாற்றமே. ஆக, மருத்துவம் இந்த நோயைத் தொடக்கம் முதலே நிதானமாக வளரும் நோயாகத்தான் அறிந்துகொண்டது.

கோட்பாடும் அதற்குத் துணைநின்றது. டி செல்கள் வழியாக வரும் எதிர்வினைக்கு ஒன்று முதல் இரண்டு நாள் ஆகும் என்பது நோய் எதிர்ப்பியலின் பழைய பாடம். காசநோய்க்கான தோல் பரிசோதனையில் ஊசி போட்ட இடத்தைத் தடிப்பு இருக்கிறதா என்று இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்ப்பது அதனால்தான். இந்தப் பாடத்தை அப்படியே குடலுக்குப் பொருத்தினால், சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வாந்தி எடுத்தேன் என்று சொல்லும் நோயாளியை நம்ப முடியாது. பயத்தால் வந்திருக்கும், உணவில் வேறேதோ கெட்டுப்போயிருக்கும் என்றுதான் தோன்றும். பல நோயாளிகளுக்கு அப்படித்தான் பதில் சொல்லப்பட்டது. ஆனால் எதிர்ச்சான்று அப்போதே இருந்தது. 1980-களில் லண்டனில் பால் சிக்லிடிராவும் சக ஆய்வாளர்களும், உணவுக் கட்டுப்பாட்டில் இருந்த நோயாளிகளின் சிறுகுடலுக்குள் குளூட்டனின் ஒரு பகுதியான கிளையடினைக் குழாய்வழியே நேரடியாகச் செலுத்தி, சில மணி நேர இடைவெளிகளில் திசு எடுத்துப் பார்த்தார்கள். சில மணி நேரத்திலேயே நுண்ணிய மாற்றங்கள் தெரிந்தன. குடல் இரண்டு நாள் காத்திருக்கவில்லை.

சந்தேகம் முழுதாகத் தீர்ந்தது அண்மையில்தான். ஆஸ்திரேலியாவின் ஜேசன் டை-டின், ராபர்ட் ஆண்டர்சன் முதலானோர், நீண்டகாலமாகக் குளூட்டனைத் தவிர்த்துவந்த நோயாளிகளுக்கு ஒரே வேளையில் ஏறக்குறைய 6 கிராம் குளூட்டன் கொடுத்து இரத்தத்தை அளந்தார்கள். 2019, 2020-ல் வெளியான அந்த ஆய்வுகளில், டி செல் தூண்டப்பட்டவுடன் சுரக்கும் இன்டர்லூகின்-2 என்ற சமிக்ஞைப் பொருள் இரண்டு மணி நேரத்திலேயே இரத்தத்தில் ஏறத் தொடங்கி, நான்கு மணி நேரத்தில் நன்றாக உயர்ந்திருந்தது. குமட்டலும் வாந்தியும் ஒரு மணி நேரத்தை ஒட்டித் தொடங்கி, சுமார் மூன்று மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டன. இன்டர்லூகின்-2 மிக அதிகமாக ஏறியவர்களிடமே வாந்தியும் அதிகம். சீலியாக் நோய் இல்லாதவர்களுக்கு அதே அளவு குளூட்டன் கொடுத்தபோது இந்த ஏற்றம் இல்லை. மனப்பயத்தால் இரத்தத்தில் குளூட்டனுக்கே உரிய டி செல் சமிக்ஞை ஏறாது. நோயாளிகள் சொன்னது உண்மைதான் என்பதை இந்த எண்கள் நிரூபித்தன. அவர்களை நம்பாமல் போனதற்கு மருத்துவ உலகம் பொறுப்பேற்க வேண்டும்.

பழைய பாடம் எங்கே வழுவியது? தோல் பரிசோதனையில், உடலெங்கும் சுற்றிக்கொண்டிருக்கும் டி செல்கள் செய்தியறிந்து ஊசி போட்ட இடத்துக்கு வந்துசேர வேண்டும். வீக்கம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அவை திரளவும் வேண்டும். சீலியாக் நோயாளியின் சிறுகுடலிலோ குளூட்டனை முன்பே கண்டு நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் சுவருக்குள்ளேயே குடியிருக்கின்றன. உணவின் முதல் பகுதி இரைப்பையைக் கடந்து முன்சிறுகுடலை அடைய நீண்ட நேரம் ஆவதில்லை. வந்த துண்டு தகுந்த மூலக்கூறில் ஒட்டிக்கொண்டதும், அங்கேயே காத்திருக்கும் செல் சமிக்ஞையைக் கொட்டிவிடுகிறது. குமட்டல் வருவதற்குக் குடற்சுவர் இடியத் தேவையில்லை, அந்தச் சமிக்ஞையே போதும். இதில் ஒரு வினோதமும் இருக்கிறது. நோய் கண்டறியப்படுவதற்கு முன் தினமும் கோதுமை தின்றுவந்தவர்களில் பலருக்கு இத்தனை கூர்மையான எதிர்வினை இருப்பதில்லை. குளூட்டனை விட்டுப் பல மாதங்கள் கழித்துத் தவறுதலாகச் சாப்பிடும்போதுதான் வாந்திவரை போகிறது. கட்டுப்பாடான உணவு தன்னைப் பலவீனமாக்கிவிட்டது என்று நோயாளி அஞ்சத் தேவையில்லை. இடைவிடாத தூண்டலில் மங்கிப்போயிருந்த எதிர்வினை, ஓய்வுக்குப் பிறகு தெளிவாக வெளிப்படுகிறது.

சேதத்தின் கதை வேறு வேகத்தில் நகர்கிறது. சிறுகுடலின் உட்சுவர் குளியல் துண்டின் பூந்துவாலைப் பரப்பைப் போன்றது. நுண்ணிய குடலுறிஞ்சிகள் அடர்ந்து நிற்பதால்தான் இரும்பும் கால்சியமும் கொழுப்பும் உறிஞ்சப்படுகின்றன. அவற்றைப் போர்த்தியிருக்கும் செல்கள் சில நாள்களுக்கு ஒருமுறை முழுதாகப் புதுப்பிக்கப்படுகின்றன. அடியிலுள்ள குழிகளில் பிறந்து மேலேறி உச்சியில் உதிர்கின்றன. ஒருவேளைத் தாக்குதலில் கொஞ்சம் செல்கள் மடிந்தால் அடுத்த சுற்று அதை ஈடுகட்டிவிடும். இழப்பு பிறப்பை மிஞ்சும்படி தாக்குதல் தொடர்ந்தால்தான் குடலுறிஞ்சிகள் குட்டையாகி, குழிகள் ஆழமாகி, பரப்பு தட்டையாகும். இதற்கு எவ்வளவு காலம் என்பதை டேனியல் லெஃப்ளரின் குழு பாஸ்டனில் நேரடியாக அளந்து 2013-ல் வெளியிட்டது. குணமடைந்த நிலையில் இருந்த 20 பேருக்குத் தினமும் 3 கிராம் அல்லது 7.5 கிராம் குளூட்டன், 14 நாள் கொடுக்கப்பட்டது. ஒரு சப்பாத்தியில் 2 கிராமுக்குக் குறையாமல் குளூட்டன் இருக்கும் என்பதால், 3 கிராம் என்பது ஒன்றரைச் சப்பாத்திக்குள் அடங்கும் அளவு. மூன்றாம் நாளுக்குள் தொந்தரவுகள் தெளிவாகக் கூடின. பதினான்காம் நாளில் குடலுறிஞ்சிகளின் உயரத்துக்கும் குழியின் ஆழத்துக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. மூன்றில் இரண்டு பங்கினருக்குச் சீலியாக் நோய் என்று உறுதியாகச் சொல்லத்தக்க அளவு சேதம் திரும்பிவிட்டது. குறைந்த அளவு தின்றவர்களுக்கும் கூடுதலாகத் தின்றவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

அந்த ஆய்வில் நான் மிக முக்கியமாகக் கருதுவது, குளூட்டனை நிறுத்திய பிறகு எடுத்த அளவீட்டை. பதினான்காம் நாள் குளூட்டன் நிறுத்தப்பட்டது. இருபத்தெட்டாம் நாள் மீண்டும் பரிசோதித்தபோது, நோயாளிகளின் தொந்தரவுகள் கிட்டத்தட்ட பழைய நிலைக்கு இறங்கியிருந்தன. இரத்தத்தில் ஆன்டிபாடியின் அளவோ பதினான்காம் நாள் சற்றே ஏறியிருந்தது, இருபத்தெட்டாம் நாளில்தான் கிடுகிடுவென உயர்ந்து நின்றது. அதாவது, குளூட்டன் வாயில் படாமல் இரண்டு வாரம் கழிந்து, உடம்பு தேறிவிட்டதாக அவர்கள் உணர்ந்த அதே நாளில், நோயின் இரத்த அடையாளம் முன்னெப்போதையும்விட வலுவாக இருந்தது. ஆன்டிபாடி உருவாக, டி செல் வேறொரு செல்லைத் தூண்ட வேண்டும், அது பெருக வேண்டும், பெருகிய செல்கள் முதிர்ந்து சுரக்க வேண்டும். அவ்வளவுக்கும் வாரங்கள் தேவை. உணர்வு, திசு, இரத்தம் மூன்றும் தனித்தனி வேகத்தில் ஓடுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஒரு மணி நேரத்தில் தொந்தரவு வருவது உண்மையானால், அதையே ஒரு எச்சரிக்கைக் கருவியாக வைத்துக்கொள்ளலாமே, எது ஒத்துக்கொள்கிறதோ அதைச் சாப்பிடலாமே என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் இரு பக்கமும் உடைகிறது. 6 கிராம் குளூட்டன் கொடுத்த அந்த ஆய்வுகளிலேயே ஒரு சிலர் எந்தத் தொந்தரவும் சொல்லவில்லை. சோர்வும் தலைவலியும்கூட எதிர்வினைகளாக வந்தன, அவற்றை யாரும் சாப்பாட்டோடு முடிச்சுப் போட மாட்டார்கள். சீலியாக் நோயாளியின் நெருங்கிய உறவினர்களைப் பரிசோதித்தால் 100-ல் ஏழெட்டுப் பேருக்கு நோய் தெரியவருகிறது. அவர்களில் பலர் வயிற்றுக்கோளாறு என்று ஒருநாளும் மருத்துவரிடம் போகாதவர்கள். இரத்தசோகையோ எலும்பு வலுவிழப்போ மட்டும் அடையாளமாக இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. மறுபக்கம், கோதுமை தின்றதும் வயிறு உப்புகிறது என்பவர் எல்லோருக்கும் சீலியாக் நோய் இல்லை. கோதுமையில் ஃப்ரக்டான் என்ற சர்க்கரைத் தொடரும் இருக்கிறது. அது பெருங்குடலில் நொதித்து வாயுவை உண்டாக்கும், வெங்காயமும் பூண்டும் செய்வதைப்போல. 2018-ல் வெளியான ஆஸ்லோ ஆய்வில், சீலியாக் நோய் இல்லாமல் தங்களுக்குக் குளூட்டன் ஒத்துக்கொள்ளாது என்று நம்பியவர்களுக்கு எதைக் கொடுக்கிறோம் என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்தபோது, குளூட்டனைவிட ஃப்ரக்டானே அதிகத் தொந்தரவு தந்தது. சில நிமிடங்களில் உதடு வீங்கி, தோல் தடித்து, மூச்சு இளைத்தால் அது கோதுமை ஒவ்வாமை. அதன் வழிமுறை முற்றிலும் வேறு, உடனடி ஆபத்தும் அதில்தான் அதிகம். எதிர்வினையின் வேகத்தை மட்டும் வைத்து நோயைப் பெயரிடுவது ஆபத்தான பழக்கம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. சேதத்துக்கு இரண்டு வாரம் ஆகும் என்றால், எப்போதாவது ஒருநாள் தின்பதால் என்ன வந்துவிடும்? ஒரே ஒரு தவறால் குடல் தட்டையாகிவிடாது என்பதை மறைக்கத் தேவையில்லை. அந்தப் பயத்தை நோயாளிகள் மீது சுமத்துவது கொடுமை. விருந்துக்குப் போனாலே நடுங்கும் அளவுக்கு அது சிலரைத் தள்ளியிருக்கிறது. ஆனால் வாழ்க்கையில் தவறுகள் ஒன்றோடு நிற்பதில்லை, மிகச் சிறிய அளவில் தினமும் வருகின்றன. இத்தாலியில் கார்லோ கட்டாசியின் குழு 2007-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. குணமடைந்த நோயாளிகளுக்குத் தினமும் 10 மில்லி கிராம் அல்லது 50 மில்லி கிராம் குளூட்டன், அல்லது வெறும் மாத்திரை, யாருக்கு எது என்று தெரியாமல் 90 நாள் கொடுக்கப்பட்டது. மூன்று மாத முடிவில் 50 மில்லி கிராம் குழுவில் குடலுறிஞ்சிகள் தேய்ந்திருந்தன. ஒரு சப்பாத்தியை நாற்பது ஐம்பது துணுக்குகளாகப் பிய்த்தால் ஒரு துணுக்கில் இருக்கும் அளவு அது. அவ்வளவு சிறு அளவைத் தின்ற ஒரு மணி நேரத்தில் வாந்தி வருமென்று எதிர்பார்க்க முடியாது. இந்த அளவில் உணர்வு மௌனமாக இருக்கும்போதே திசு தேய்கிறது.

தமிழ்ச் சமையலில் இதற்கு நேரடியான ஓர் இடம் உண்டு. கடையில் டப்பாவில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தூள் பலவற்றில் பெருங்காயப் பிசினோடு மைதாவோ கோதுமை மாவோ சேர்க்கப்படுகிறது, டப்பாவின் பின்பக்கத்தில் அது அச்சிடப்பட்டும் இருக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சிட்டிகை கால் கிராம், அதில் பாதி கோதுமை மாவு, மாவில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று கொண்டால், ஒரு குழம்புச் சட்டிக்குள் விழுவது சுமார் 12 மில்லி கிராம். நான்கு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 3. இதைப் பார்த்துச் சாம்பாரே விஷம் என்று அலறுவதும் தவறு, இவ்வளவுதானே என்று விட்டுவிடுவதும் தவறு. சாம்பாரில் ஒரு சிட்டிகை, ரசத்தில் ஒரு சிட்டிகை, மோரில், ஊறுகாயில், வடையில் என்று நாள் முழுதும் கூடும். அதோடு சப்பாத்தி சுட்ட அதே கல்லில் வார்த்த தோசையும், பார்லி மால்ட் கலந்த பானமும் சேர்ந்தால் 50-ஐத் தாண்டுவது கடினமே அல்ல. பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், குளூட்டன் இல்லாதது என்று அச்சிட ஒரு கிலோ உணவில் 20 மில்லி கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பு வைத்திருப்பதும், நாள் முழுதும் சேரும் மொத்தத்தை மனத்தில் வைத்துத்தான். மாவு கலக்காத கட்டிப் பெருங்காயத்துக்கு மாறுவது எளிது, செலவும் பெரிதில்லை.

இவற்றைவிட மிக நீண்ட ஒரு கால அளவும் உண்டு. நோய் தொடங்கவே பல ஆண்டுகள் ஆகலாம். அமெரிக்காவின் மேரிலாந்தில் 1974-ல் சேமித்த இரத்த மாதிரிகளையும் அதே மனிதர்களிடம் 1989-ல் எடுத்தவற்றையும் ஒப்பிட்டபோது, இடைப்பட்ட காலத்தில் நோய் உள்ளவர்களின் விகிதம் இரு மடங்குக்கும் மேலாகியிருந்தது. நடுத்தர வயதுவரை கோதுமையைத் தாங்கிய உடல், அதன் பிறகு தாங்காமல் போயிருக்கிறது. இந்தியாவில் பி. எஸ். ராமகிருஷ்ணா முதலானோர் 2016-ல் வெளியிட்ட பெரிய ஆய்வில், வட இந்தியாவில் 100-க்கு 1.23 பேருக்கும் தென்னிந்தியாவில் 1,000-க்கு ஒருவருக்கும் இரத்தத்தில் சீலியாக் ஆன்டிபாடிகள் இருந்தன. மரபணு வகை இரு இடங்களிலும் ஏறக்குறைய சமம், மூன்றில் ஒருவருக்கும் சற்று அதிகம். வேறுபட்டது கோதுமையின் அளவு: வடக்கே தினமும் சுமார் 455 கிராம், தெற்கே 25 கிராம். அளவு மட்டுமே காரணம் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. ஆனாலும் இரவுச் சாப்பாடு சப்பாத்தியாக மாறிவிட்ட வீடுகள் பெருகிவரும் தமிழ்நாட்டில், காரணம் புரியாத இரத்தசோகையைப் பார்க்கும் மருத்துவர் இந்த நோயையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நோயைக் கண்டறியும் இடத்தில் இந்தக் கால அளவுகள் நோயாளியை நேரடியாகப் படுத்துகின்றன. கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்தேகித்து, பரிசோதனைக்கு முன்பே அதை நிறுத்திவிடுகிறவர்கள் பலர். சில மாதங்களில் ஆன்டிபாடி இறங்கிவிடும், குடலுறிஞ்சிகளும் மெல்ல மீளத் தொடங்கும். மீட்சி தாக்குதலைவிட மெதுவானது. மேயோ கிளினிக் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், உணவுக் கட்டுப்பாடு தொடங்கி இரண்டு ஆண்டில் பெரியவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும், ஐந்து ஆண்டில் மூன்றில் இரண்டு பங்கினருக்கும்தான் குடல் தேறியிருந்தது. இருந்தாலும், பாதி தேறிய குடலைப் பார்த்து நோய் இல்லை என்று சொல்லிவிடும் ஆபத்து உண்டு. அதனால்தான் மருத்துவர், மீண்டும் தினமும் குளூட்டன் சாப்பிட்டுவிட்டு இரண்டு வாரமோ, தாங்க முடிந்தால் எட்டு வாரமோ கழித்து வாருங்கள் என்கிறார். ஒரு மணி நேரத்தில் வாந்தியெடுக்கும் ஒருவருக்கு இது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பலர் நடுவிலேயே விட்டுவிட்டு, நோய் உறுதியாகாமலே வாழ்கிறார்கள்.

இந்தச் சிக்கலுக்கு வழி, ஒரு காலத்தில் நம்பப்படாத அந்த வேகமான எதிர்வினையிலிருந்தே வருகிறது. நினைவுள்ள டி செல்கள் சில மணி நேரத்தில் இன்டர்லூகின்-2 சுரக்கின்றன என்றால், நோயாளியின் உடலுக்குள் குளூட்டனைச் செலுத்துவானேன்? மெல்பர்னில் டை-டினின் குழு நோயாளியிடமிருந்து கொஞ்சம் இரத்தத்தை எடுத்துக் குழாயில் குளூட்டன் துண்டுகளோடு ஒரு நாள் வைத்து, சுரக்கும் இன்டர்லூகின்-2-ஐ அளந்தது. 2025-ல் வெளியான முடிவுகளில், பல காலமாகக் குளூட்டனைத் தொடாதவர்களிடமும் பெரும்பாலும் நோய் பிடிபட்டது, சீலியாக் நோய் இல்லாமல் கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களிடமிருந்து அவர்களைப் பிரித்தறியவும் முடிந்தது. குழாயில் வலுவாக எதிர்வினை காட்டிய இரத்தம், குளூட்டன் சாப்பிட்டால் அதிகமாகத் தொந்தரவுபடுபவர்களுடையதாகவும் இருந்தது. வெவ்வேறு இன மக்களிடமும் குழந்தைகளிடமும் இன்னும் விரிவாகச் சோதித்த பிறகே இது மருத்துவமனை ஆய்வகங்களுக்கு வரும். அதுவரை, கோதுமையை நிறுத்துவதற்கு முன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே சரியான வரிசை.